சாயங்காலம் வரை ஒரு வெள்ளைச் சட்டை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. என் பேத்தி தேவி, நிச்சயதார்த்தப் பெண். மாப்பிள்ளை சரவணன். அவனைப் பெற்ற அலமேலு. என் மகன் கோபால், அவன் பெண்டாட்டி சாந்தி. என் நாத்தனார் புருஷன் ஏகாம்பரம். நான். என்னோடு கேண்டீனில் வேலை பார்த்த நீ. மற்றவர்கள் எல்லாம் சாப்பிட வந்தவர்கள்.

இப்போது எதற்கு இது என்று கேட்பாய். தேவியின் பிள்ளைக்கு இன்று காலை வல்லக்கோட்டையில் காது குத்தினோம். நிச்சயம் நடந்த அதே மண்டபம், அதே பக்கத்து அறை. சரவணன் புதுச் சட்டை ஒன்றைப் பிரித்தான். காலருக்கு அடியில் இருந்த அட்டையை உருவினான், குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தான். புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்ததும் எனக்கு உன் முந்தானை ஞாபகம் வந்துவிட்டது. அன்று அந்த இன்னொரு சட்டையின் ஊசிகளை எல்லாம் நீ முந்தானையில் வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றாய். "எங்கனா கீழ வுட்டா மாப்ள கால்ல ஏறிடும்டி" என்றாய்.

நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கிற சட்டை வேட்டியைத்தான் மாப்பிள்ளை உடுத்திக்கொண்டு வந்து உட்கார வேண்டும். நம் பக்கத்தில் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் நேராக அளவு கேட்பதும் மரியாதை இல்லை. அதனால் கோபால், ஏகாம்பரத்திடம் சொன்னான். ஏகாம்பரம் தன் கூட்டாளி மூலமாகக் கம்பெனி யூனிபார்ம் ஸ்டோரில் விசாரித்து அளவு வாங்கிக் கொடுத்தார். அது சரவணன் வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த அளவு. அதற்குப் பிறகு அவன் எத்தனை நைட் ஷிப்ட் பார்த்திருப்பான், எத்தனை சாப்பாடு சாப்பிட்டிருப்பான் என்று யாராவது யோசித்தார்களா? யூனிபார்முக்கு மேலே கோட்டு போட்டுக்கொள்கிற வேலை. உள்ளே பட்டன் போட்டானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அறைக்குள் மேல் பட்டனைப் போட்டால் கீழ்ப் பட்டன் பிதுங்கியது. இரண்டையும் இழுத்துப் போட்டான், தோளில் தையல் விட்டுவிட்டது. அலமேலு வெளியே வந்து சபை நடுவில் சொன்னாள்: "பொண்ண எம் புள்ளைக்குத்தான் குடுக்கறாங்களா, இல்ல வேற எவனுக்காச்சும் அளவெடுத்து வச்சிருந்தாங்களா? மொதத் துணியே கிழிஞ்சிபோச்சு. நல்ல நேரம் தாண்டிட்டா அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாதம் என்ற வார்த்தை எங்களுக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். தேவிக்கு அதற்கு முன்னால் வந்த இடமும் இப்படித்தான் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று சொல்லிக் கலைந்து போயிருந்தது. உள்ளே அவள் அலங்காரத்தோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை.

ஏகாம்பரம் பைக் சாவியைச் சுழற்றினார். "தோ, ஓரகடம் போய் ஒரு சட்ட எடுத்துகினு வந்துர்றேன். எல்லாரும் கொஞ்சம் பொறுங்க." போனார். கோயில் தெருக் கடைகளில் வேண்டுதல்காரர்களுக்கான வேட்டியும் துண்டும் குழந்தைத் துணியும்தான் இருந்தன.

நீ என் காதில் சொன்னாய்: "ஓரகடத்துல இவ்ளோ காலையில எவன் தொறந்து வச்சிருக்கான்? அந்த ஆளு வழியில டிபன் சாப்டாம திரும்ப மாட்டாரு. நீ வா எங்கூட."

மாப்பிள்ளை இருந்த அறைக்கு ஒரு குட்டையான ஜன்னல் உண்டு. நீ அதன் வெளியே போய் நின்றுகொண்டு, "தம்பி, ஜன்னலாண்ட வந்து நில்லுப்பா. குனியாத. மூஞ்சி எனக்கு வாணாம்" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னலில் அவன் நெஞ்சும் கழுத்தும் மட்டும் தெரிந்தபோதுதான் புரிந்தது. நம் கேண்டீனில் சோறு போடுகிற கவுண்டர் ஜன்னலும் அதே உயரம். சரவணன் கம்பெனியில் நாம் வேலை பார்த்த காலம் முழுக்க எந்தப் பையனுக்கும் தலை கிடையாது, கால் கிடையாது. நெஞ்சு, கழுத்து, தட்டு. அவ்வளவுதான். நீ அதை வைத்தே அத்தனை பேரையும் அடையாளம் சொல்வாய்.

கொஞ்ச நேரம் பார்த்தாய். "அந்த உடன்குடிக்காரன்டி" என்றாய். "மூணு தபா சாம்பார் கேப்பானே, செல்வின். ரெண்டும் ஒரே சுத்து, ஒரே தோளு."

உள்ளேயிருந்து சரவணன் கேட்டான். "யம்மா, நீங்க பர்ஸ்ட் ஷிப்ட்டுல அடியில கிண்டிப் போடற அம்மாவா? கொரலு அப்டியே கீதே."

"ஆமாப்பா. ஒன் தொப்பையில பாதி நான் போட்டது. சும்மா நில்லு."

கோயில் வாசலில் ஆட்டோ பிடித்தோம். கல்யாணப் பெண்ணின் ஆயா எங்கே என்று ஒருத்தரும் தேடமாட்டார்கள் என்று நீ சொன்னாய், அப்படியே ஆயிற்று. வழியெல்லாம் லாரி. நீ மட்டும் பேசிக்கொண்டே வந்தாய். "நாம போட்ட சோத்தாலதான் அந்தச் சட்ட பத்தல. அப்ப நாமதான தேடிக் குடுக்கணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவியின் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் டீக்கடைக்குப் பின்னால் செல்வின் அறை. அவன் காய்ச்சலாகக் கிடந்தபோது நீ கஞ்சி கொண்டுபோன இடம், அதனால் வழி தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கியவனை எழுப்பினாய். லுங்கியோடு எழுந்து வந்து நம்மைப் பார்த்து முழித்தான்.

"வெள்ளச் சட்டையா? புதுசு ஒண்ணு இருக்கும்மா. பிரிக்கவே இல்ல. ஆனா அது பொண்ணு பாக்கப் போறதுக்குன்னு எடுத்ததுல்லா. சாயங்காலம் பஸ்ஸு எனக்கு."

"சாயங்காலம் தானப்பா? அதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடறேன்."

"வேற ஒருத்தன் போட்ட சட்டையோட நான் எப்படிம்மா பொண்ணு பாக்கப் போவேன்? எங்கம்மைக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவா."

நான் வாய் திறக்கப் போனேன், நீ கையைப் பிடித்து அழுத்தினாய். அவனிடம் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. கவுண்டரில் பேசுகிற மாதிரியே சொன்னாய்: "அங்க ஒரு பொண்ணு தலையில பூ வச்சிகினு ஒக்காந்துகினு கீது. நீயும் ஒரு பொண்ண அப்டி ஒக்கார வச்சிப் பாக்கத்தான் போற. அந்தப் பொண்ணுக்காண்டி குடு."

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். சட்டையை எடுத்து உன் கையில் கொடுக்கும்போது, "மஞ்ச வைக்காதீங்கம்மா, போவாது" என்று மட்டும் சொன்னான்.

நாம் திரும்பியபோது நல்ல நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. சாந்தி எல்லாருக்கும் இரண்டாவது காபி கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். நீ ஊசிகளை உருவினாய். புதுத் துணியில் மஞ்சள் தொட்டு வைக்காமல் கொடுக்கக்கூடாது, செல்வின் கேட்டுக்கொண்டதையும் மீறக்கூடாது. நீ மஞ்சளைக் குழைத்து, செல்வின் போடும்போது பேன்ட்டுக்குள் போய்விடுகிற கீழ் ஓரத்தில், உள்பக்கத் தையலில் கடுகளவு வைத்தாய். சரவணன் போட்டுக்கொண்டான். கழுத்துப் பட்டன் வரை போட்டு, காலருக்குள் உன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாய். சுகமாக நுழைந்தது. அவனுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. அவன் வெளியே வந்ததும் தேவி நிமிர்ந்து பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தட்டு மாற்றினார்கள்.

அலமேலு விடுவாளா? "அதுக்குள்ள சட்ட எப்டி வந்துச்சு? யாரு எடுத்துகினு வந்தது?" என்றாள். இரவல் சட்டையில் நிச்சயம் என்று தெரிந்தால் அவள் இன்னொரு ஆட்டம் ஆடுவாள். நீ கண் இமைக்காமல், "ஏகாம்பரம் அண்ணன்தான்" என்றாய். சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். ஏகாம்பரம் அப்போதுதான் சந்தனக் கலரில் ஒரு சட்டையோடு வந்து இறங்கினார். வாயில் வெற்றிலை. நீ பையைப் பிடுங்கிக்கொண்டு, "அண்ணே, வெள்ளச் சட்ட நீங்க எடுத்துகினு வந்தது. அவ்ளோதான், உள்ள போங்க" என்றாய். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், "ஓரகடம் பூரா அலைஞ்சேன்" என்று ஆரம்பித்தார்.

பந்தி நடக்கும்போது நீ சாப்பிடவில்லை. சரவணனுக்கு அந்தச் சந்தனக் கலரை மாட்டிவிட்டு, வெள்ளையைக் கழற்றி, காலரில் பட்டிருந்த சந்தனத்தைக் குழாயடியில் கசக்கினாய். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரை நிற்க வைத்து, ஈரம் போகத் தேய்த்து, அதே அட்டையை வைத்து, அதே ஓட்டைகளில் அதே ஊசிகளைக் குத்தினாய். ஒன்று மட்டும் மிச்சமாகிவிட்டது. அதற்கான ஓட்டை கிடைக்கவில்லை, நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு முன்னால் சட்டை போய்ச் சேர்ந்தது. செல்வினுக்கு அந்தப் பெண்ணே முடிந்தது. சட்டையில் லேசாகச் சந்தன வாசனை வந்ததில் அவன் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமாம், சென்னைப் பக்கம் இருந்தும் பிள்ளை பக்தியாக இருக்கிறான் என்று.

அதற்கப்புறம் எத்தனை விசேஷம். ஒவ்வொன்றிலும் ஏகாம்பரம் அந்தச் சட்டைக் கதையைச் சொல்வார். கடைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினாராம். நான் பல்லைக் கடிப்பேன். நீ என் தொடையைக் கிள்ளி, "வுடுடி, பொண்ணு நல்லா கீறா இல்ல" என்பாய். உனக்காக விட்டேன். ஆனால் போன வருஷம் நீ போய்ச் சேர்ந்து உன்னை எடுக்கிற அன்று அவர் உன் ஊர் மண்ணூருக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "யாரு அந்தம்மா? கேண்டீன்ல இருந்துச்சே, அதுவா?" எழுந்து உள்ளே வந்து ஒரு மாலைகூடப் போடவில்லை.

இன்று காலையும் ஆரம்பித்தார். ஓரகடம், பூட்டிய கடை, அலைச்சல். நான் அறைக்குள் வந்துவிட்டேன். சரவணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "ஆயா, அது செல்வின் சட்டைன்னு எனக்கு அப்பவே தெரியும். அடுத்த வாரம் லைன்ல என் பக்கத்துலதான் நின்னான். 'என் சட்டை ஒனக்கு ராசியா இருந்துச்சால'ன்னு கேட்டான்" என்றான். "ஏன்டா சொல்லல?" என்றேன். "அந்தம்மாதான் கவுண்டர்ல தட்டு நீட்டறப்போ சொன்னாங்க. 'சாம்பார் வேணும்னா வாய மூடிகினு இரு'ன்னு."

இத்தனை வருஷம் அவனையும் கரண்டியாலேயே கட்டிப்போட்டிருந்தாயா நீ? உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். சரவணன் தன் காலருக்குள் என் விரலைப் பிடித்து விட்டுக் காட்டினான். இரண்டு விரல் சரியாக நுழைந்தது.

பந்தியில் இன்று நான்தான் சாம்பார் ஊற்றினேன். உன் பழக்கம் எனக்கும் கையில் ஒட்டிவிட்டது, பிடித்தவர்களுக்குக் கரண்டி பாத்திரத்தின் அடிவரை போகும். மகனுக்கும் மருமகளுக்கும் அடியிலிருந்து. அந்தப் பேச்சுப் பேசிய அலமேலுவுக்கும் அடியிலிருந்துதான், அவள் தேவியை நன்றாக வைத்திருக்கிறாள், போகட்டும். முறைத்துக்கொண்டிருந்த பங்காளிகளுக்கும் முருங்கைக்காயோடு விழுந்தது. அந்த வரிசையில் ஒரே ஒரு இலைக்கு மட்டும் மேலோடு தண்ணீராக எடுத்து ஊற்றினேன். நீ இருந்திருந்தால் கிள்ளியிருப்பாய். கிள்ள ஆளில்லை.

அந்த இலை ஏகாம்பரத்தினுடையது.