ஹராரில் ஒன்பது பிள்ளைகள்

1977 ஜூலை 3, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சாராளின் கடிதத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் போதகர். வாசித்தேன். எத்தியோப்பியாவில் ஹரார் என்ற ஊர். மிஷன் பெண்கள் பள்ளி. அவள் கணக்கும் இங்கிலீஷும் நடத்துகிறாள். மலை ஊர், குளிர். அங்கே ஒரு புளித்த தோசை உண்டாம், அதற்குத் தொட்டுக்கொள்ள நம் மிளகாய்ப்பொடி இருந்தால் தேவலை என்று எழுதியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதியது. மகள் கிருபாவுக்குப் பல் விழுந்ததை நான் எழுதியிருந்தேன். ‘அந்தப் பல்லைப் பார்க்க நான் இல்லையே’ என்று எழுதியிருக்கிறாள்.

போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு. ‘பொண்டாட்டிய சீமைக்கு அனுப்பிட்டு கொழந்தைய வச்சிகினு கீறான் பாரு’ என்று செங்கல்பட்டு ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். ‘போய் வா’ என்று சொன்னது நான்தான். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

ஆகஸ்ட் 19

ரேடியோவில் ஹராருக்குப் பக்கத்து ஊர் பேர் வந்தது. தீரேதாவா. சோமாலியப் படை அங்கே வந்துவிட்டதாம். ரயில் பாதையை முன்பே தகர்த்துவிட்டார்களாம். ரயில்வேக்காரனுக்கு அந்த ஒரு வரி போதும். பாதை போய்விட்டால் ஊர் தீவு மாதிரிதான்.

அக்கா சந்திரம்மாதான் கிருபாவைப் பார்த்துக்கொள்கிறாள். ‘ரேடியோவ நிறுத்துடா, புள்ள கேக்குது’ என்றாள்.

அக்டோபர் 5, புதன்

கடிதம் வந்தது. மூன்று வாரம் பழையது. கவரைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

ஜிஜிகா என்ற ஊர் விழுந்துவிட்டது. அங்கிருந்து ஜனங்கள் நடந்தே ஹராருக்கு வந்துகொண்டிருக்கிறார்களாம். வகுப்பறையில் பாதி ஆஸ்பத்திரி. மற்ற இந்திய ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். விடுதிப் பிள்ளைகளைத் தாய் தகப்பன்மார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது பேருக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவர்களுடைய ஊர்கள் சண்டைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. தாய் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத பிள்ளைகள். தலைமையாசிரியை அம்மாள் வயதானவர். ராத்திரி குண்டுச் சத்தம் கேட்டால் ஒன்பதும் தன் கட்டிலுக்கு வந்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறாள்.

‘இவர்களை யாரிடம் விட்டுவிட்டு வரட்டும், சொல்லுங்கள். நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன்.’

இது என்ன கேள்வி? என் தலையில் ஏன் போடுகிறாய், சாராள்?

அக்டோபர் 9

பதில் எழுதிவிட்டேன். ‘உன் மனம் சொல்கிறபடி செய்’ என்று. தபால் பெட்டியில் போட்ட நிமிஷமே கையை விட்டு எடுக்கலாமா என்று இருந்தது.

நவம்பர் 27, ஞாயிறு

மாமனார் ஏசுபாதம் மகாபலிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். அங்கே பயணிகள் பங்களாவில் தோட்டவேலை. அதற்கு முன்னால் பரம்பரையாக அடுத்தவன் வயலில் கூலி. சாராள் ஒரே பிள்ளை. போர்டிங்கில் சேர்த்து டீச்சராக்கினார். பங்களாவுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். ஹராரையே சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

‘மாப்ள, கொழந்த சீரியஸ்னு ஒரு தந்தி குடு. அடுத்த நிமிசம் கெளம்பிடும்.’

‘கிருபா நல்லா இருக்கா, மாமா. எப்படிப் பொய் சொல்றது?’

‘பொய்யி! எம்பொண்ணு செத்து வந்தா உன் உண்மைய வச்சிகினு இன்னா பண்ணப்போற?’

அவளே முடிவு செய்யட்டும் என்று மட்டும் சொன்னேன். சாப்பிடாமல் போய்விட்டார்.

டிசம்பர் 6

மாமா தந்தி கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு வந்து சொல்கிறார். ‘போஸ்டாபீசுல இங்கிலீசுல எழுதிக் குடுத்தாங்க. நீ இன்னா வேணா திட்டிக்கோ.’ நான் திட்டவில்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு! அதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 22

அடிஸ் அபாபா மிஷன் ஆபீசிலிருந்து தந்தி. சாராள் பிள்ளைகளைத் தலைமையாசிரியை அம்மாளிடம் விட்டுவிட்டு ராணுவ லாரி ஒன்றில் ஏறி ஹராரை விட்டுப் புறப்பட்டிருக்கிறாள். மலைப்பாதையில் அந்த வரிசை லாரிகள் மேல் சுட்டிருக்கிறார்கள். பிறகு தகவல் இல்லை.

தகவல் இல்லை. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடச் சுவருக்குள்ளேயே இருந்திருந்தால்? அவளை அந்த லாரியில் ஏற்றியது யார்?

டிசம்பர் 26

தந்தி வந்த அன்றே மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கிறிஸ்துமசுக்கும் அவர் வரவில்லை. அதனால் கிருபாவைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போனேன். வீட்டில் இல்லை. கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். முகம் பாதியாகிவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த நீலமேகம் சொன்னார்: ‘நாலு நாளா இப்பிடித்தான் குந்திகினு கீறாரு. கஞ்சி குடுத்தாலும் வேணான்றாரு.’

கிருபா ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் தொடவில்லை. அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘காய்ச்ச கீய்ச்ச இல்லியே?’ என்றார் என்னிடம். ‘நான் வாய வச்சது பலிச்சிடப்போவுது மாப்ள.’

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

1978 ஜனவரி 11

உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். தோளில் குண்டு உரசியிருக்கிறது. ஏதோ கிராமத்தில் யாரோ வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது அடிஸ் அபாபா ஆஸ்பத்திரியில். கிருபா நலம் என்று இன்றே கடிதம் போட்டேன், அவள் புறப்படுமுன் கிடைக்குமோ தெரியாது.

கர்த்தாவே.

பிப்ரவரி 4, சனி

சென்ட்ரல். பம்பாய் ரயில். மாமா வரமாட்டேன் என்றுவிட்டார்.

இறங்கினாள். இடது கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: ‘இருக்காளா?’ அதற்குள் கிருபா என் பின்னாலிருந்து ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாராள் அப்படியே பிளாட்பாரத்தில் மண்டி போட்டுவிட்டாள். குழந்தையின் முகம், கை, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். அழுதாள். பிறகு அழுகை நின்றது. அவளுக்குப் புரிந்ததை நான் பார்த்தேன்.

‘யார் தந்தி குடுத்தது?’

‘நான்தான்’ என்றேன்.

செங்கல்பட்டு வந்து சேரும்வரை கிருபாவை மடியை விட்டு இறக்கவில்லை.

பிப்ரவரி 20

குழந்தைக்குத் தலைவாருகிறாள், ஒரு கையால். சமைக்கிறாள். என்னோடு பேச்சில்லை. ஒன்றிரண்டு வார்த்தை. மாமா வருவதே இல்லை.

மார்ச் 10

ஹராரிலிருந்து தலைமையாசிரியை அம்மாளின் கடிதம். முற்றுகை விலகிவிட்டது. ஜனவரியில், சண்டை முடிகிற சமயத்தில், விடுதிச் சமையற்கட்டின்மேல் ஒரு குண்டு விழுந்தது. அங்கே தண்ணீர் எடுக்கப் போயிருந்த பிள்ளை, அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, இறந்துவிட்டாள். அயான். பத்து வயது.

வாசித்துவிட்டு சாராள் சொன்னாள்: ‘நான் இருந்திருந்தா, ராத்திரியே தண்ணி பிடிச்சு வச்சிருப்பேன். பகல்ல வெளிய விட்டிருக்க மாட்டேன்.’

அவள் இருந்திருந்தால் அவளே தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள் என்று தோன்றியது. சொல்லவில்லை. அது ஆறுதல் இல்லை.

மார்ச் 26, ஈஸ்டர்

கோயில் நிரம்பி வழிந்தது. மாமாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ‘கர்த்தர் நம் சகோதரியைச் சாவின் வாயிலிருந்து மீட்டார், அவர் இப்போது சாட்சி சொல்வார்’ என்றார் போதகர். அவளிடம் முன்பே கேட்கவில்லை போலிருக்கிறது.

சாராள் முன்னால் போய் நின்றாள்.

‘என்னைக் காப்பாத்தினதுக்கு ஸ்தோத்திரம். என்கூட ஒன்பது பிள்ளைங்க இருந்தாங்க. அவங்க பேரைச் சொல்றேன். ஹலிமா. சால்த்து. திகிஸ்த். ஃபாத்துமா...’ எல்லாம் முஸ்லிம் பெயர்களும், நாங்கள் கேட்டிராத பெயர்களும். கடைசியாக அயான் என்றாள். ‘இந்தப் பிள்ளை இப்ப இல்ல. நான் வந்துட்டேன், அவ இல்ல. இதுக்கு என்ன சாட்சி சொல்றதுன்னு எனக்குத் தெரியல.’ வந்து உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா அவள் எதிரில் வந்து நின்றார்.

‘தந்தி குடுத்தது உம்புருசன் இல்லம்மா. நானு.’

‘தெரியும் நைனா. தந்தியில ஊர் பேர் மகாபலிபுரம்னு இருந்தது.’ என் பக்கம் திரும்பினாள். ‘இவருக்குப் பொய் சொல்ல வராது.’

‘உன்ன உயிரோட பாக்கணும்னுதாம்மா...’

‘அதுவும் தெரியும்.’

அவர் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சாராளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

மே 14

மூன்று மாதத்துக்குப் பின், இன்று தானாகவே என்னோடு பேசினாள். கிருபா தூங்கிய பிற்பாடு இல்லை, அவள் எதிரிலேயே. ‘திரும்பிப் போகணும்ங்க. ஜிஜிகா பக்கம் ஆளுங்க திரும்பி வராங்களாம். பிள்ளைங்களோட சொந்தக்காரங்களைத் தேடணும். அவங்க முகம் எனக்குத்தான் தெரியும், விடுமுறைக்குக் கொண்டுபோய் விட்டவ நான்தான்.’

இந்தத் தடவை ‘உன் மனம் சொல்கிறபடி’ என்று நான் ஒளிந்துகொள்ளவில்லை. ‘எனக்குப் பயமா இருக்கு, போகாதேன்னு சொல்லத் தோணுது’ என்றேன். ‘சொல்லுங்க’ என்றாள். சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். பிறகு, ‘போய் வா’ என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

மீனம்பாக்கத்திலிருந்து இப்போதுதான் வந்தோம். மாமாவும் வந்திருந்தார். விமானம் மேகத்துக்குள் போனபிறகும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் கிருபா அவர் மடியில் உட்கார்ந்து கேட்டாள்: ‘தாத்தா, அம்மா எப்ப வரும்?’

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமாதான் பதில் சொன்னார்.

‘அங்க எட்டுப் புள்ளைங்க கீதுங்கடா கண்ணு. அதுங்க ஆத்தாளத் தேடிகினு கீதுங்க. கண்டுபுடிச்சிக் குடுத்துட்டு வரும்.’