வளைவில் நின்ற லாரியும் நீ எழுதிய ரெஸ்யூமும்

இன்று காலை எங்கள் சைட்டுக்குக் கம்பி லோடு வந்தது. நாற்பதடிக் கம்பிகள் நடுவில் மடக்கப்பட்டு, சின்ன லாரியில் அடக்க ஒடுக்கமாக மலையேறி வந்து இறங்கின. பனியில் நனைந்த இரும்பின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களை நினைத்தால் மல்லிகையோ சந்தனமோ மணக்கும். உன்னை நினைத்தால் எனக்குத் துருப்பிடித்த ஈரக் கம்பிதான் மணக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் மருத்துவமனைக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. நான்தான் புராஜெக்ட் மேனேஜர். சைட் இன்ஜினியர் ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தோம். மேசை மேல் ரெஸ்யூம்கள் குவிந்து கிடக்கின்றன. கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவர், எந்தச் சூழலிலும் சாதிப்பவர். இவர்களில் ஒருவர்கூட ஒரு தூணைக் கோணலாக எழுப்பியதில்லை போலிருக்கிறது. நீ இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நம் கதையும் இப்படித்தான் தொடங்கியது. இதே மலை மேல் வாழவந்தி நாட்டில் பள்ளி விடுதி ஒன்றைக் கட்டியபோது நாம் இருவரும் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தோம். நீ கீழே மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆபீசிலிருந்து சாமான் ஏற்றி அனுப்புவாய். நான் மேலே அதை இறக்கி வேலையை நடத்துவேன். நடுவில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மூட்டை ஆணி மறந்துபோனால்கூட அன்றைய வேலை போச்சு. சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று உன்னோடு கத்திப் பேசுவேன்.

"ஏ புள்ள, சிமெண்டு ஏத்தி உட்டாச்சு. மழைக்கு முன்னால எறக்கிப் போடு" என்பாய் நீ.

"இங்க மழ வந்துட்டுப் போயே போச்சுடி!" என்பேன் நான்.

விடுதி முடிந்தது. காண்ட்ராக்டரிடம் அடுத்த வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லில் பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்று உதவி மேனேஜர் வேலைக்கு ஆள் கேட்டது. ஒரே ஒரு இடம். நீயும் விண்ணப்பம் போடுவது, நானும் போடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் அப்பா என்னைத் திட்டவில்லை; அன்பாகத்தான் சொன்னார்: "இது கெடைக்கலீன்னா ஊட்டோட இருந்துரு கண்ணு. மொளகுத் தோட்டத்தப் பாத்துக்கிட்டா ஆவாதா?" திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பை எதிர்த்து என்ன பேசுவது? தூண் கம்பிகளுக்கு நடுவே நின்று பழகியவள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே எப்படி நிற்பேன்? அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் சொல்லி ரெஸ்யூம் அடித்துக்கொண்டு உன்னிடம் பெருமையாக நீட்டினேன். கடைக்காரர் கைவசம் இருந்தது கல்யாண பயோடேட்டா மாதிரி ஒன்றுதான் போலிருக்கிறது. தகப்பனார் பெயர், உயரம், நிறம், கூடப் பிறந்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து, கடைசி வரியில் 'விடுதிக் கட்டுமானத்தில் பொறுப்பு வகித்தவர்' என்று இருந்தது. நீ பேக்கரியில் டீயைக் கீழே சிந்திவிட்டாய்.

"வேலைக்குப் போறயா, பொண்ணு பாக்க வரச் சொல்றயா?"

சிரித்து முடித்துவிட்டு நீயே வழியும் சொன்னாய். "பொண்ணு கேக்கப் போனா மாப்பிள்ளையா வாயத் தொறக்கறான்? கூட வந்தவங்கதான பேசறாங்க. உன்றத நான் எழுதறேன். என்றத நீ எழுது."

அதில் நியாயம் இருந்தது. மேலே நான் செய்ததெல்லாம் கீழே உட்கார்ந்திருந்த உனக்குத்தான் தெரியும். நீ கீழே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதே பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். நீ என்னைக் கேள்வி கேட்டே கொன்றாய். பொறுப்பு வகித்தேன் என்று நான் சொன்னதும், "பொறுப்பு இருந்துச்சு, செரி. என்னடி செஞ்ச?" என்றாய். மூன்று மேஸ்திரிகளின் ஆட்களை மோதவிடாமல் நடத்தியதைச் சொன்னேன், எழுதினாய். மத்தியானப் பனி இறங்கும் முன் கான்கிரீட் முடிகிற மாதிரி விடிகாலையிலேயே கலவை போடத் தொடங்கியதைச் சொன்னேன், அதையும் எழுதினாய். கடைசியாகப் பார்த்த வேலையை மேலே ஏற்றினாய், பள்ளிக்கூட மதிப்பெண்ணைக் கீழே தள்ளினாய். யாரோ இயக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்த சாப்ட்வேரின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டாய். கம்பெனி விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பிறகு ஒரு வரி எழுதினாய் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'நீளக் கம்பி ஏற்றிய லாரி வளைவில் திரும்ப முடியாமல் நின்றதால் கம்பி வேலை ஒரு நாள் தடைப்பட்டது. அன்று ஆட்களைச் செங்கல் வேலைக்கு மாற்றினேன். கம்பிகளைப் பாதையோரத்திலேயே மடக்கி, பிக்கப் வண்டிகளில் மேலே கொண்டுவந்தேன்.'

"நின்னு போனத யாராச்சும் ரெஸ்யூம்ல எழுதுவாங்களாடி?" என்று சண்டைக்கு வந்தேன்.

"அதத்தான் எழுதோணும். நல்ல நாள்ல யாரு வேணாலும் வேல நடத்தீருவாங்க."

அந்த லாரியை அனுப்பியவளே நீதான். மடக்கிய கம்பியை மேலே நிமிர்த்த நான் படும் பாட்டைப் போனில் கேட்டு, எனக்காக இரக்கப்பட்டு நீட்டமாகவே ஏற்றி அனுப்பியிருந்தாய். லாரி வளைவில் குறுக்கே நின்றது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் உன்னையும் என்னையும் சேர்த்து வைதார்கள். அதனால் உன் ரெஸ்யூமில் நான் அந்த நாளைத் தொடவே இல்லை. உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். குறித்த நேரத்தில் அனுப்புவார், தவறே செய்யாதவர், எல்லாரிடமும் இனிமையாகப் பழகுவார்.

கம்பெனியில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த பெரியவர் மற்ற வரிகளை வேகமாகத் தாண்டிவிட்டு லாரி வரியில் வந்து நின்றார். "அப்புறம் என்னம்மா பண்ணீங்க?" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பயம் போய்விட்டது. எத்தனை வண்டி பிடித்தேன், யாரை எங்கே மாற்றினேன், பஸ்ஸுக்கு எப்படி வழி விட்டோம் எல்லாவற்றையும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அப்பா மிளகுத் தோட்டத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தயங்கித் தயங்கி வந்தேன். நான் எழுதிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"என்னயக் கொண்டுபோய் சாமியாக்கி வெச்சுட்டயேடி. சாமியக் கும்புடுவாங்க, சாமிக்கு யாரு வேல குடுப்பாங்க?"

அன்றே இன்னொரு முறை எழுதினோம். லாரியைத் தப்பாக அனுப்பியதை முதலில் போடச் சொன்னாய். மறுநாளே நீ டேப்பைத் தூக்கிக்கொண்டு வளைவு வளைவாக நடந்து அளந்ததையும், அதற்குப் பிறகு உன் லோடு ஒன்றுகூட வழியில் நிற்காததையும் அதன் கீழே எழுதினேன். அந்தத் தாளோடுதான் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். போனில் அதைச் சொன்னபோது நீ அழுதாய். நானும்தான்.

நோய் வந்து நீ போன அன்று உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றிச் சொன்னார்கள்: ஒரு தப்புத் தண்டாவுக்குப் போகாத பிள்ளை, அதிர்ந்து பேசாத பிள்ளை. அதிர்ந்து பேசாதவளா நீ! மலையடிவாரத்திலிருந்து கத்தினால் மலை மேல் பெரக்கரை நாடு வரைக்கும் கேட்குமே. அவர்கள் சொன்னதில் எதிலும் உன்னைக் காணவில்லை. எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஏக்கம் வந்தது.

நாளை இந்த ரெஸ்யூம்காரர்களை நேரில் கூப்பிட்டிருக்கிறேன். எங்கே சறுக்கினீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள் என்றுதான் எல்லாரிடமும் கேட்கப்போகிறேன். நேராகப் பதில் சொல்கிறவருக்கு வேலை. ஆள் எடுக்க எனக்கு வேறு வித்தை தெரியாது. இதுவரை இது என்னைக் கைவிட்டதும் இல்லை.

இந்த மடலும் நான் உனக்கு எழுதித் தரும் ரெஸ்யூம்தான். நீ கத்திப் பேசுவாய். டீயைச் சிந்துவாய். எனக்காக இரக்கப்பட்டு மலைப்பாதையில் நாற்பதடிக் கம்பியை நீட்டமாக அனுப்பினாய். மறுநாள் டேப்போடு நடந்தாய். பார், ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த முறை உன்னைச் சாமியாக்கவில்லை, கண்ணு.