ஒரே ஹாலின்ராய்டின் வாரிசுகள்

மகனே,

ஹாலின்ராய்டு என்ற நம் குடும்பப் பெயரை உதறிவிட்டு நீ மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும்.

யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் உள்ள எல்லா ஹாலின்ராய்டுகளும், குன்றின் மேல் காடு வெட்டிப் பண்ணை அமைத்த ஒருவனின் வாரிசுகள் என்று பழைய பதிவேடுகளை நானே தேடிப் படித்து நிறுவினேன். “ஒரே பேரு இருந்தா ஒரே ரத்தமாப்பா?” என்று நீ சிரித்தாய்.

இந்தக் கோடையிலும் பெயர்க்காரர்கள் எல்லோரும் அந்தப் பண்ணைக்கு ஏறினோம். லங்காஷயர் கிளையைச் சேர்ந்த வில்ஃப்ரெட், உன் வயதுக்காரன், வழியில் சரிந்தான். “எந்திரிடா சோம்பேறி, மேல டீ ஆறுது!” என்று அவன் அத்தை கத்தினாள். அவன் எழவே இல்லை.

பரம்பரையாக வரும் இதய நோய் என்கிறார்கள். உன் தாத்தாவும் என் தம்பியும் அதே ஏற்றத்தில்தான் விழுந்தார்கள். ஹாலின்ராய்டுகள் படுத்துச் சாகமாட்டார்கள் என்று நாம் பெருமை பேசினோம்.

எல்லோரும் ஒரே ரத்தம் என்று நான் சொன்னது தவறாக இருந்துவிடாதா என்று இப்போது ஏங்குகிறேன். மறுபடி சரிபார்த்தேன். தவறில்லை.

நாளைக்கே இதயத்தைப் பரிசோதித்துக்கொள், குழந்தைக்கும் பார். டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், நம் பெயரைச் சொல்.

அப்பா