மணல் நிறுத்திய முதுகு

முத்துப்பேட்டை
9.1.2025

அன்புள்ள கனகாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். சுடர்விழியைத் தூக்கிக்கொண்டு நீ தஞ்சாவூருக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. பாப்பா சாப்பிடுகிறாளா?

வாசலில் மணல் குழி அப்படியே கிடக்கிறது. பாப்பாவைக் குழியில் இறக்கி மார்பு வரை மணலை அணைத்து நிறுத்தினால் முதுகு நிற்கும் என்று ஊரே சொன்னது. ஆறு வயதில் முதல்முறையாக நேராக நின்று படகுகளைப் பார்த்துச் சிரித்தாளே, நீயும்தானே கைதட்டினாய்?

உன்
வெற்றிச்செல்வன்

தஞ்சாவூர்
17.1.2025

சுடரின் அப்பாவுக்கு,

கைதட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் அவள் நிற்கவில்லை, மணல்தான் நிறுத்தியது. வெளியே தூக்கினால் ஈரத்துணி போலச் சரிந்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி பிசியோதெரபி ஷமீரா மேடம் எழுதித் தந்தார். "அதான் நிக்கிறாள்ல, எதுக்குடி படம்?" என்று இரண்டு முறை தடுத்தீர்கள். இப்போது இடது தொடை எலும்பு, மூட்டுக் கிண்ணத்தை விட்டுப் பாதிக்கு மேல் விலகிவிட்டது. மூளைவாதக் குழந்தைக்கு இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அந்தப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் முகாமில் மாலை போட்டுக் கொடுத்த சக்கர நாற்காலி பெரிய ஆளுக்கானது. போட்டோ எடுத்தவர்கள் குழந்தையை அளவெடுக்கவில்லை. இரண்டு வருஷம் அதில் ஒருக்களித்துக் கிடந்தாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன்.

கனகா

முத்துப்பேட்டை
2.2.2025

கனகா,

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். எதிரே டீக்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர முகமில்லை.

குழியை மூடிவிட்டேன். பழைய படகுப் பலகையில் அவளுக்கு ஒரு நாற்காலி செய்யப் போகிறேன். அளவு மட்டும் அனுப்பு.

வெற்றி

தஞ்சாவூர்
10.2.2025

இடுப்பு அகலம் 22 செ.மீ. உட்காரும் இடத்திலிருந்து அக்குள் வரை 27. தொடை நீளம் 26. விலாவுக்கு இரண்டு பக்கமும் அணை வேண்டும். கால்கள் ஒட்டாமல் நடுவில் ஒரு கட்டை வைக்கச் சொல்கிறார் ஷமீரா மேடம்.

கனகா

தஞ்சாவூர்
6.4.2025

சுடரின் அப்பாவுக்கு,

பஸ்ஸில் போட்டு அனுப்பிய நாற்காலி வந்தது. உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு நேற்று வைத்தோம். சரியாக இருக்கிறது. இரண்டு கையும் விடுபட்டு, தட்டிலிருந்து இட்லியை அவளே பிய்த்தாள். பாதி கீழே போனது.

"யாரும்மா செஞ்சா?" என்று கேட்டாள்.

வாசல் வரை வந்து திரும்பிப் போனவரை அப்பா என்று எப்படிச் சொல்வது? ஆசாரி என்று சொல்லிவிட்டேன். "அவருக்கு நான் டாட்டா சொல்லணும்" என்கிறாள்.

மணலில் கைதட்டியது ஒரு தப்பு. இந்தப் பொய் இன்னொன்று.

கனகா