ஜன்னலுக்கு முதுகு காட்டி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஸ்டூடியோவில் இப்போது லைட் வைப்பது என் வேலை. போன வாரம் ஒரு ஸ்டாண்ட் சரிந்து நெற்றியில் பட்டுவிட்டது. சின்னத் தையல்தான். "கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற மூஞ்சி, யாரு பாக்கப் போறா" என்று போட்டோகிராபர் கிண்டல் செய்தார்.

நீங்கள் பார்ப்பீர்களே. அதனால் ஞாயிறன்று வீடியோவில் பேசும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால், போன் அதற்கேற்ப எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் ஒளியை, குறைத்துவிடும், முகம் இருட்டாகிவிடும். "என்னம்மா, நிழல்தான் பேசுது" என்று சிரித்தீர்கள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக நீங்களும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறீர்கள். அம்மாவிடம் கேட்டால், "அங்கதான்டி காத்து வருது" என்று பேச்சை மாற்றுகிறாள். போனில் கேட்டால் நீங்களும் மழுப்புவீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். கண் கூசினால் உங்கள் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள், வெளிச்சம் மென்மையாகிவிடும். நானும் திரும்பி உட்காருகிறேன். தையலைப் பார்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

நலமா, அப்பா?

உங்கள் சின்னவள்