தட்டு மாற்றாத வியாழக்கிழமை

கிணத்துக்கடவு
3-2-1958

சிரஞ்சீவி கோவிந்தராஜுலுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை ராமாமணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதற்கு எழுது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. உன் அப்பா போய் ஐந்து மாதமாகிறது, எனக்கு அழுகை வருவதில்லை. சோறு பொங்குகிறேன், தின்கிறேன், யார் எது சொன்னாலும் சரி என்கிறேன், அவ்வளவுதான்.

அப்படித்தான் உன் சித்தப்பா அரங்கசாமி, தலைத்திவசத்துக்குள் ராமாமணி கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், தவறினால் மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்றபோதும் சரி என்றேன். நீயும் அதையே எழுதியிருந்தாய். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை, பாஸ் பண்ணி டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனாலும் நான் பாட்டுக்கு மாவாட்டிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை உடுமலைப்பேட்டைக்காரர்கள் நிச்சயம் செய்ய வந்துவிட்டார்கள். தட்டு மாற்றுகிற இடத்தில் தாலியறுத்தவள் நிற்கக்கூடாதல்லவா, என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டு உன் சித்தியே எல்லாம் பார்த்தாள். பட்டுச் சேலை கட்டிய ராமாமணியையும் கூப்பிடும்வரை என்னோடு விட்டிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டாப் என்றால் இன்னொரு பி சேர்த்து இ, டி. கேரி என்றால் ஒய்யை எடுத்துவிட்டு ஐ, இ, டி. நடந்து முடிந்ததை அப்படித்தான் எழுத வேண்டுமாம். நான் மாவாட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி எனக்கே பாதி மனப்பாடம். அன்றைக்கு ஸ்டடி என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. இனி எதுக்குங்கம்மா என்று என்னைக் கேட்டாள்.

நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். தட்டை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள், நேர் எதிரே போய் நின்றேன். தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைக்காதே, தெரிந்துதான் போனேன். மாப்பிள்ளையின் அம்மா பங்காரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சகுனம் சரியில்லைங்க, அப்புறம் பாத்துக்கலாமுங்க என்று கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஏனுங்க அண்ணி, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே என்று உன் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை, மீந்த பாயசத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவினேன். ராமாமணி சேலையை மாற்றிக்கொண்டு புத்தகத்தை எடுத்தாள்.

அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சித்தப்பா உனக்கு எழுதுவார். கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுது, பரீட்சை முடியும்வரை அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. மூன்று வருஷம் ஆனால் ஆகட்டும், டிரெயினிங் இரண்டு வருஷம்தான். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. வெங்கடேசப் பெருமாள் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காமல் செய். அவர்கள் மறுபடி தட்டோடு வந்தால் நான் மறுபடியும் எதிரே போய் நிற்பேன் என்று உன் சித்தப்பாவுக்கு நீயே எழுதிவிடு.

இப்படிக்கு உன் அம்மா,
வெங்கடம்மாள்