இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

வல்லத்திராக்கோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகன் பிரசாந்துக்கு,

இங்கே நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய்; தன் சுமையை அம்மன் தலையில் இறக்கிவைத்தவனுக்கு மஸ்கட்டில் என்ன குறை வந்துவிடப் போகிறது. தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவாய், ஆகவே கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். கடலை பறித்தாயிற்று, மோட்டார் ஓடுகிறது, மழை இல்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

திருமயத்து அன்புமொழியை நிச்சயம் செய்து பதினோரு மாதம் ஆன பிறகு, மனம் சரியில்லை, அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்கலாம் என்றாய். வெள்ளை வந்தால் நடத்துவது, சிவப்பு வந்தால் நிறுத்துவது. சித்தப்பா ஆத்மநாதன் இரண்டு பொட்டலம் கொண்டுபோய்ச் சன்னதியில் வைத்தார், பூசாரி ஒன்றை எடுத்தார், சிவப்பு. உடனே எனக்கு எழுதினாய்: எதுவும் நம் கையில் இல்லை அம்மா, நாம் அறியுமுன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று விஞ்ஞானமே சொல்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவளுக்கு ஒரு காணொளியும் இணைத்திருந்தாய். நல்லது.

சென்ற வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பூக்கார ராக்காயி என்னை நிறுத்தினாள். “டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க கொழுந்தனாரு ரெண்டு பொட்டலத்துக்கும் செவப்பு அரளியே கட்டச் சொன்னாரு. வெள்ளையும் இருக்குங்கன்னேன், வேணாமுன்னுட்டாரு. ஆத்தாளுக்கே சாய்ஸ் குடுக்கலையேன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றாள். சித்தப்பாவைக் கேட்டேன். “தம்பிதான், அண்ணி, மெசேஜ் போட்டுச்சு, பொண்ணு வீட்டுக்கு மனசு நோகாமச் சொல்லணும்ல” என்று கைப்பேசியை நீட்டினார். நீ அனுப்பியிருந்ததைப் படித்தேன். எல்லாம் முன்பே தீர்மானமானது என்று உண்மையாக நம்புகிறவன் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ வைக்கப் பயப்படமாட்டான், பிரசாந்த்.

மனிதன் முழுச் சுதந்திரன் என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பிறப்பும் வளர்ப்பும் பயமும் நம்மைப் பிடித்துத் தள்ளுவது எனக்குத் தெரியும். உன் கோழைத்தனத்துக்கு முன்காரணம் தேடினால் அது என் வாசலில்தான் வந்து நிற்கும். கணக்கில் நீ தோற்றபோதெல்லாம் காய்ச்சல் என்று வாத்தியாருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான்தானே. காரணம் இருக்கிறது என்பதால் செய்தவன் இல்லாமல் போய்விடுவதில்லை. அங்கே வேறொருத்தியைப் பிடித்திருந்தால், அல்லது கல்யாணமே பிடிக்கவில்லை என்றால், நேரே சொல்லியிருக்கலாம். வருந்தியிருப்பேன், வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.

உன் தந்திரத்தின் விலையை அந்தப் பெண் கொடுக்கிறாள். நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒருவனுக்கு மட்டும் வேண்டாதவளாக இருந்திருப்பாள். இப்போது அம்பாளே வேண்டாமென்ற பெண். பார்க்க வருவதாக இருந்த இரண்டு குடும்பங்கள் அதைச் சொல்லியே நின்றுவிட்டன. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், “ஒன் கையால குடுத்தா மாத்திரை கேக்குமா?” என்று ஒருத்தி சிரித்தாளாம். பெற்ற தாய் பரிகாரம் செய்யக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைகிறாள்.

நேற்று பஸ் ஏறிப் போய், எல்லாவற்றையும் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். அன்புமொழியின் அப்பா நல்லதம்பி என் முகத்தையே பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள்: “அத்தை, அவுகளுக்கு நான் வேணாமுன்னா எனக்கும் அவுக வேணாம், அழமாட்டேன். ஆனா சொன்னது சாமி இல்ல, நாந்தான்னு அவுக வாயால ஊருக்குச் சொல்லணும். நீங்க சொன்னா, மகனுக்காக மழுப்புறீகன்னுதான் பேசுவாக.” அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நன்றாய் இரு, நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று. தெய்வம் உனக்கு நீண்ட ஆயுளும் நிமிர்ந்த முதுகும் தரட்டும்.

ஞாபகம் வைத்துக்கொள்: ஞாயிறு காலை பத்து மணிக்கு நல்லதம்பி வீட்டில் பூசாரியும் சித்தப்பாவும் அவர்கள் உறவுக்காரர்களும் இருப்பார்கள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அழைப்பதா வேண்டாமா என்பதையாவது யாரிடமும் கேட்காமல் நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
வள்ளிக்கண்ணு